ஃபேஷன் மார்க்கெட்டிங் மாணவர்களை வேலைக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி: விரிவுரையாளர்

வணக்கம். ஃபேஷன் மார்க்கெட்டிங் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். மூட் போர்டு (நிறம், துணி, படங்களைச் சேர்த்து ஒரு வடிவமைப்பின் எண்ணத்தைக் காட்டும் பலகை) தயாரிப்பதிலும் சமூக ஊடகப் பதிவுகளைத் திட்டமிடுவதிலும் அவர்களிடம் குறையே இல்லை. போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவர்கள் பாராட்டவே செய்கிறார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில், "இந்த ஆடை எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், விளம்பரத்தைக் கூட்டுவோம், தள்ளுபடி கொடுப்போம் என்பதற்கு மேல் பலருக்குப் பேச்சு வருவதில்லை. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஒரு பருவத்துக்கான செய்முறை வகுப்பு மட்டும் என் பொறுப்பில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சரக்குத் திட்டமிடல் பணியில் இருப்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். விற்பனைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். அடக்கவிலை 40, விற்பனை விலை 100 என்று ஒரு சட்டையை வைத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதத் தள்ளுபடி என்றதும் மாணவர்கள் லாபமும் 30 சதவீதம் குறையும் என்று எண்ணுவார்கள். உண்மையில் ஒரு சட்டைக்குக் கிடைக்கும் லாபம் 60லிருந்து 30ஆக, அதாவது பாதியாக, இறங்கிவிடுகிறது. அதே மொத்த லாபத்தைப் பெற இரண்டு மடங்கு சட்டைகள் விற்க வேண்டும். இதை அவர்களே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டால், தள்ளுபடி என்ற சொல்லை அவ்வளவு எளிதில் உச்சரிக்க மாட்டார்கள்.

அடுத்து அளவுவாரி இருப்பைக் காட்டுங்கள். 1000 சட்டைகளில் 600 விற்றிருந்தால் மொத்தக் கணக்கில் 60 சதவீதம் என்று நன்றாகவே தெரியும். பிரித்துப் பார்த்தால், மீடியமும் லார்ஜும் என்றோ தீர்ந்து, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் தேங்கிக் கிடக்கலாம். அந்த நிலையில் விளம்பரத்துக்குச் செலவிடும் பணம், தனக்கேற்ற அளவு இல்லாத பக்கத்துக்கு வாடிக்கையாளரை அழைத்து வந்து ஏமாற்றி அனுப்புவதற்கே பயன்படுகிறது. மறு ஆர்டர் கொடுப்பதா, விளம்பரத்தை வேறொரு ஆடைக்குத் திருப்புவதா என்பதுதான் அங்கே எழ வேண்டிய கேள்வி.

பதில்: ஆடைத் தரக் கட்டுப்பாட்டில் பணிபுரிபவர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கணக்குக்கும் முன்னால் துணி இருக்கிறது. விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும், லினன் எளிதில் கசங்கும் என்பதுகூடத் தெரியாமல் ஆடைக்கு வர்ணனை எழுத வருகிறார்கள். இணையத்தில் வாங்குபவரால் தொட்டுப் பார்க்க முடியாது. எழுதியதை நம்பி வாங்கியவர், கைக்கு வந்த துணி வேறு மாதிரி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தச் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஒரே ஆடைக்கு வந்த வாடிக்கையாளர் கருத்துகளைப் படிக்கச் சொல்லி, "உள்ளே தெரிகிறது", "தோளில் பிடிக்கிறது" போன்ற சொற்களைத் திரட்டி, அவற்றுக்கு விடை சொல்லும் வகையில் வர்ணனையைத் திருத்தி எழுத வையுங்கள். இதைவிடப் பயனுள்ள எழுத்துப் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிவந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அங்கே தைக்கப்பட்ட ஆடைகள் தங்களுடையவைதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் சில நிறுவனங்கள் திணறின. "பொறுப்புடன் தயாரிக்கப்பட்டது" என்று எழுதுகிற மாணவர், எந்த ஆலை, என்ன சான்று என்று கேட்டுவிட்டு எழுதும் பழக்கத்தோடு வெளியேற வேண்டும்.

பதில்: விளம்பரப் பிரிவில் இருப்பவர்

நண்பர்கள் இருவரிடமும் சற்று மாறுபடுகிறேன். கணக்கும் துணியும் வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஒரு பிராண்டு எதை நம்புகிறது என்பதைப் புரிந்துகொண்டு அதற்கேற்பப் பேசும் திறன் அப்படி வருவதில்லை. 2011இல், தள்ளுபடி விற்பனை உச்சத்தில் இருக்கும் பிளாக் ஃபிரைடே நாளன்று, "இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்" என்று படகோனியா என்ற அமெரிக்க உடை நிறுவனம் நியூயார்க் டைம்ஸ் இதழில் விளம்பரம் செய்தது. உடையைப் பழுதுபார்த்துக் கொடுப்பதை அந்நிறுவனம் உண்மையிலேயே செய்துவந்ததால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. வேறொரு நிறுவனம் அதே வாசகத்தை எடுத்தாண்டால் எடுபடுமா என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளம்பரப் பிரிவு நண்பர் சொன்ன எடுத்துக்காட்டே, தயாரிப்பை அறியாமல் பிராண்டின் குரல் அமையாது என்பதையும் காட்டுவதாக எனக்குப் படுகிறது. ஒரு ஐயம்: உண்மையான விற்பனை இல்லாத வகுப்பறையில் இதற்கெல்லாம் மதிப்பெண் கொடுப்பது எப்படி?

பதில்: சரக்குத் திட்டமிடல் பணியில் இருப்பவர்

முடிவுக்கு அல்ல, காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். ஒரு கற்பனை ஆடைத் தொகுப்பின் வாராந்தர விற்பனைத் தாளை நீங்களே தயாரித்து, வகுப்புக்கு ஒரு வாரம் என்று வெளியிடுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் எந்த அளவு, எந்த நிறம் எத்தனை விற்கும், ஏன் என்று மாணவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். கணிப்பு தவறினாலும், அடுத்த தாள் வந்ததும் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துத் திட்டத்தை மாற்றியவருக்கு முழு மதிப்பெண் தரலாம். நடுவில் ஒரு வாரம், சரக்கு வந்து சேரத் தாமதம் என்ற செய்தியையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே அறிவித்துவிட்ட விளம்பரத்தை என்ன செய்வது என்று அப்போதுதான் யோசிப்பார்கள். நேர்முகத் தேர்வுக்கு அந்தத் தாள்களையும் போர்ட்ஃபோலியோவில் வைத்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் நான் இருந்தால் படங்களுக்கு முன்பு அவற்றைத்தான் புரட்டுவேன்.