இங்கிலாந்தில் சர்ச் ஹாலிடே கிளப்: டிபிஎஸ், மாமியாரின் விசிட் விசா, 40 பிள்ளைகளுக்குக் கிராஃப்ட்

தாமிரபரணி கேட்டது:

வணக்கம். ஆகஸ்ட்டில் இங்குள்ள சபையில் 5 நாள் ஹாலிடே கிளப், காலை 10 முதல் 12.30 வரை. 5 முதல் 11 வயது வரை 40 பிள்ளைகள். கிராஃப்ட் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) எடுத்த பழக்கம் உண்டு, இங்கத்திய முறை தெரியாது. டிபிஎஸ் (பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கான குற்றப்பதிவுச் சோதனை) விண்ணப்பத்தில் நம் ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? விசிட் விசாவில் வந்திருக்கும் மாமியாரும் உதவ ஆசைப்படுகிறார்கள், கூட்டிப்போகலாமா? பசை, பேப்பர், ஜூஸ் எல்லாம் எவ்வளவு வாங்க வேண்டும்?

மணிக்கூண்டு பதில்:

முதலில் டிபிஎஸ். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, சபை மூலமாகத்தான் போகும். நம் ஆட்களுக்குத் தகராறு பெயரில்தான். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ காலியாக இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அப்பா பெயர் முன்னால் நிற்கும், கவுன்சில் டாக்ஸ் பில்லில் வெறும் இனிஷியல். மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்தால் படிவம் திரும்பி வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன் வேறு பெயர் இருந்தால் அதையும் காட்டுங்கள். 5 வருட முகவரியில் ஒரு மாதம்கூட இடைவெளி விழக்கூடாது, ஊர் முகவரியும் சேர்த்துத்தான். கடைசிக் கட்டம் இந்நாட்டில் நீங்கள் குடியிருந்த பகுதிகளின் போலீஸிடம் போகும். அடிக்கடி வீடு மாறியவர்களுக்குத் தாமதமாவது அங்கேதான். ஜூன் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

சான்றிதழ் சபைக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வந்ததும் டிராயருக்குள் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதிலுள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் ‘அப்டேட் சர்வீஸ்’ (அதே சான்றிதழைச் சபை இணையத்தில் மறுபடி சரிபார்க்கும் வசதி) பதிவு செய்துகொள்ளுங்கள், தன்னார்வலருக்கு அதுவும் இலவசம். அடுத்த வருடம் இந்தத் தலைவலி இருக்காது.

ஊரில் இருந்த காலத்துப் போலீஸ் பதிவுகளை டிபிஎஸ் பார்க்காது. ஆகையால் சில சபைகள் இந்தியப் போலீஸ் கிளியரன்ஸும் கேட்கும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

மாமியார் விஷயம்: விசிட்டர் விசாவில் பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள் வரை தன்னார்வ வேலை செய்யலாம், ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக்கூடாது. உங்கள் சபைக்குப் பதிவு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு நேரடியாக உட்கார வைப்பது வேறு கதை. 30 நாளுக்குள் 4 நாளோ அதற்கு மேலோ மேற்பார்வையில்லாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் சட்டம் அதைத் தடைப்பட்டியல் சோதனைக்கும் உரிய வேலையாகக் கணக்கிடும், உங்களுடையதோ 5 நாள் கிளப். அத்தைக்குச் சமையலறையும் முந்தின நாள் காகிதம் வெட்டுகிற வேலையும் போதும்.

பசைக்கை பதில்:

கிராஃப்ட்டுக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது 20 நிமிடம், அதில் 5 நிமிடம் கை கழுவப் போய்விடும். 5 வயதுக் குழந்தையால் வளைவாக வெட்ட வராது. வெட்ட வேண்டியதையெல்லாம் முன்பே வெட்டி, குழு வாரியாக ஜிப் பையில் போட்டு வையுங்கள். 40 பேருக்கு 48 செட். கிழித்துவிட்டு அழுகிற பிள்ளை ஒன்று, முன்பதிவு இல்லாமல் வரும் தங்கை ஒன்று, காட்டுவதற்கு உங்களுக்கு ஒன்று எனப் போய்விடும்.

பிவிஏ என்னும் வெள்ளைத் திரவப் பசையை நம்பாதீர்கள். திட்டுத் திட்டாகப் பூசுவார்கள், காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கார் நிறுத்தும் இடத்துக்குப் போவதற்குள் ஒட்டிய கண்ணும் மூக்கும் உதிர்ந்துவிடும். தினசரி வேலைக்குக் குச்சிப் பசை, இரண்டு பிள்ளைக்கு ஒன்று. அட்டை, பஞ்சு மாதிரி கனமானதற்கு இருபக்க டேப். ஈரமாக ஒன்று செய்தே ஆகவேண்டும் என்றால் வியாழக்கிழமை செய்து வெள்ளிக்கிழமை கையில் கொடுங்கள். திங்களன்று செய்தால் நான்கு நாள் காய வைக்க ஹாலில் இடமிருக்காது.

பேப்பரைக் கையில் கொடுத்ததும் பின்பக்கம் பென்சிலில் பெயர். ஒட்டிய பிறகு எழுதப் போனால் ஒரே மாதிரி நாற்பது காகிதச் சிங்கத்தில் யாருடையது எது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும்! மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம், ஞாயிறு ஆராதனைக்கும் அது பாயில் கிடக்கும்.

ஜூஸ் என்று இங்கே கொடுப்பது ‘ஸ்க்வாஷ்’, தண்ணீர் கலந்து குடிக்கும் பழச்சாறு. ஒரு பிள்ளைக்கு 150 மில்லி, 40 பேருக்கு 6 லிட்டர். இரட்டை அடர்த்தி வகையில் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் என்றால் ஒரு நாளுக்கு 600 மில்லி போதும், ஒரு லிட்டர் பாட்டிலில் மிஞ்சும் 400 மில்லி மறுசுற்று கேட்கும் சிலருக்கு வரும். கலவை அளவைப் பாட்டிலில் பாருங்கள், எல்லாம் ஒன்றல்ல.

பாசத்தில் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் கொண்டுபோய்விடாதீர்கள். கடலை, எள் இரண்டுமே இந்நாட்டுச் சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் உண்டு. கடுகும் அதில் உண்டு, ஆகவே தாளித்த எதுவும் வேண்டாம். ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், முஸ்லிம் வீட்டு, சைவ வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். பிஸ்கட்டை டப்பாவில் கொட்டினால் உறையைத் தூக்கி எறியாதீர்கள், என்னென்ன சேர்த்திருக்கிறது என்று பார்க்க, பிள்ளை போகும்வரை அது கையில் இருக்க வேண்டும்.

கதவுக்காவல் பதில்:

மேலே இருவரும் சொன்னது சரி. பெரியவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்பதை யாரும் தொடவில்லை. என்எஸ்பிசிசி என்னும் குழந்தைப் பாதுகாப்பு அறநிறுவனத்தின் பரிந்துரை: 4–8 வயதில் 6 பேருக்கு ஒரு பெரியவர், 9–12 வயதில் 8 பேருக்கு ஒருவர். உங்கள் 40-இல் சிறிசுகள் 24 என்றால் 4 பேர், மீதி 16-க்கு 2 பேர். வாசல், முதலுதவி, சமையலறை ஆட்கள் இந்த 6-இல் சேர்த்தி இல்லை. 16 வயது அண்ணன்மார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ஊர் விபிஎஸ் பழக்கத்தில் விட்டுவிட வேண்டியவை சில. மடியில் உட்கார வைப்பது, கன்னத்தைக் கிள்ளுவது, காதைத் திருகுவது, தனியாக ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குள் அழைத்துப்போவது. கழிப்பறையின் வெளிக்கதவருகே இன்னொருவர் பார்வையில் நில்லுங்கள். போனில் படம் எடுக்காதீர்கள், பெற்றோர் சம்மதத் தாளில் ‘படம் வேண்டாம்’ என்று இருக்கலாம். தலைவலி என்றாலும் பாரசிட்டமால் உங்கள் கையால் கொடுக்க வேண்டாம்.

12.30-க்கு வாசலில்தான் பெரும்பாலும் குளறுபடி. ‘நான் பெரியம்மா, அவங்க அம்மா வேலையில’ என்று ஒருவர் நிற்பார், பிள்ளையும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். சம்மதத் தாளில் அவர் பெயர் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் போன் போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தாமிரபரணி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு பிள்ளை வீட்டு விஷயம் ஏதாவது சொன்னால்? ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க ஆன்ட்டி’ என்றால்?

கதவுக்காவல் பதில்:

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு உதவி செய்யுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்’ என்று சொல்லுங்கள். ‘அப்பா அடிச்சாரா?’ மாதிரி பதிலை வாயில் எடுத்துக் கொடுக்கும் கேள்வி கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, நேரத்தோடு, அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பெற்றோரிடமோ மற்றத் தன்னார்வலரிடமோ நீங்கள் பேச வேண்டாம். அந்தப் பொறுப்பாளர் யார், அவர் எண் என்ன என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டு பதில்:

ஸ்காட்லாந்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே டிபிஎஸ் கிடையாது, அதற்குப் பதில் ‘பிவிஜி’ என்ற திட்டம். 2025 ஏப்ரல் முதல் அது கட்டாயம். வட அயர்லாந்தில் ‘ஆக்சஸ்என்ஐ’. பெயர்த் தகராறு மூன்று இடத்திலும் ஒன்றுதான்.