பத்தாம் வகுப்பில் வேதிவினைகள்: வகைகளிலிருந்து தொடங்குவதா, சோதனையிலிருந்து தொடங்குவதா?

கேள்வி (ஊரக உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். வேதிவினைகளின் வகைகள் என்ற பாடத்தை அடுத்த வாரம் தொடங்கவிருக்கிறேன். சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்று எல்லா வகைகளையும் எடுத்துக்காட்டுகளோடு என் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஒரு சோதனைக் குழாயைக் காட்டி, இதற்குள் என்ன நடந்தது என்று கேட்டால், நிறம் மாறியது என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

சமன்பாட்டைச் சமன் செய்யச் சொல்லும்போது சிக்கல் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில் இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று சரியாக எண்ணிவிட்டு, நீரின் வாய்பாட்டிலேயே ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். கெழுவை, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் காட்டும் எண்ணை, வாய்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், அது ஆசிரியர் விதித்த விதியாகத்தான் அவர்கள் மனத்தில் நிற்கிறது.

ஆய்வகத்தில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), சலவை சோடா, சுட்ட சுண்ணாம்பு, கொஞ்சம் சோதனைக் குழாய்கள், 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஆகியவை இருக்கின்றன. பிள்ளைகளில் பெரும்பாலானோர் விவசாயக் குடும்பத்தினர். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1 (மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆசிரியர்)

வணக்கம் அம்மா. உங்களிடம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் இருக்கின்றன, பிள்ளைகளும் விவசாயக் குடும்பத்தினர். எனவே போர்டோ கலவையிலிருந்து தொடங்குங்கள். பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சண நோயைத் தடுக்கும் மருந்தாக மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885-இல் வெளியிட்ட இந்தக் கலவை, இன்றும் பாக்கு, காபி, திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கப்படுகிறது. ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்பது வழக்கம். வகுப்புக்கு அரை லிட்டர் நீரில் ஐந்து ஐந்து கிராம் போதும்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டதும் கொதித்து நீறுகிறதே, அது சேர்க்கை வினை. வெப்பம் வெளிவருவதால் வெப்ப உமிழ் வினையும் கூட. ஒரே வினைக்கு இரண்டு பெயர் பொருந்தலாம் என்பதை மாணவர் அங்கேயே பார்த்துவிடுவார். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றினால், காப்பர் ஹைட்ராக்சைடு வெளிர்நீல வீழ்படிவாக, அதாவது நீரில் கரையாத திண்மமாக, திரளும். இது இரட்டை இடப்பெயர்ச்சி.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கலவை சரியாக அமைந்ததா என்று பார்க்க, உழவர்கள் பளபளப்பான கத்தியைச் சற்று நேரம் அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கரைசலில் காப்பர் அயனிகள் மிஞ்சியிருந்தால் இரும்பு அவற்றை இடப்பெயர்ச்சி செய்கிறது. முழுவதும் வீழ்படிவாகிவிட்டால் இடம்பெயர ஒன்றும் மிச்சமில்லை. வேண்டுமென்றே சுண்ணாம்பைக் குறைத்து ஒரு குவளையும் சரியான அளவில் ஒரு குவளையும் தயாரித்து, உப்புத்தாளால் தேய்த்த ஆணியை இரண்டிலும் போடச் சொல்லுங்கள். கட்டாயம் யாராவது ஒருவர் அந்தச் செந்நிறப் படிவைத் துரு என்பார். அப்போது நீங்கள் விடை சொல்லாமல், இன்னொரு ஆணியை வெறும் நீரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பத்து நிமிடத்தில் அதில் அப்படியொரு பூச்சு வராது என்பதைப் பார்த்து, காரணத்தை அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

பதில் 2 (ஆசிரியர் பயிற்றுநர்)

சமன்பாட்டுச் சிக்கலுக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். கீழே 2 போடும் மாணவர் எண்ணுவதில் தவறவில்லை. அந்தச் சிறிய எண் பொருளையே மாற்றிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனவே அவர் எழுதியதை அடித்துவிடாமல், நீங்கள் எழுதியது ஹைட்ரஜன் பெராக்சைடு என்று சொல்லி, மருந்துக்கடையில் கிடைக்கும் அந்தத் திரவத்தில் ஓர் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுக் காட்டுங்கள். உருளைக்கிழங்கில் உள்ள நொதி அதைச் சிதைக்க, ஆக்சிஜன் நுரைத்து எழும். பக்கத்துக் குவளையில் இருக்கும் நீரில் அப்படி எதுவும் நிகழாது.

அதன்பின் புளியங்கொட்டையை ஆக்சிஜனாகவும் துவரம்பருப்பை ஹைட்ரஜனாகவும் வைத்துக் களிமண்ணால் ஒட்டச் செய்யலாம். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றைப் பிரித்தால் கையில் இரண்டு புளியங்கொட்டைகள் நிற்கும். ஒன்றை வீசி எறிய முடியாது, எனவே நீர் மூலக்கூறு இரண்டு செய்தே ஆக வேண்டும், அதற்கு ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு வேண்டும். கெழு எங்கிருந்து வருகிறது என்பதை விரல்களே கண்டுபிடித்துவிடும். இதைச் செய்யாமல் நேராகப் பலகைக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 3 (தனிப்பயிற்சி ஆசிரியை)

மேலே சொன்னவற்றோடு வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்ற நிறை மாறா விதியையும் தராசில் காட்டிவிடுங்கள். அணுக்களை ஏன் எண்ண வேண்டும் என்பதற்கான காரணமே அதுதான். பலர் பாட்டில் வாயில் பலூனை மாட்டி, சமையல் சோடாவையும் வினிகரையும் கலப்பார்கள். அது இந்த விதியைக் காட்ட ஏற்றதல்ல. அரை லிட்டர் ஊதிய பலூன் அரை லிட்டர் காற்றை விலக்குவதால், மிதப்பு விசை காரணமாகத் தராசு ஏறத்தாழ 0.6 கிராம் குறைத்துக் காட்டும். மாணவர் நேர்மாறான முடிவுக்கு வந்துவிடுவார்.

மாறாக, ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலில் 50 மில்லி வினிகர் ஊற்றி, 1.7 கிராம் சமையல் சோடாவை மெல்லிய தாளில் பொட்டலமாக மடித்து உள்ளே போட்டவுடன் மூடியை இறுக்கி எடை பாருங்கள். நுரை அடங்கியபின் மீண்டும் பார்த்தால் எண் மாறியிருக்காது. அரை லிட்டர் அளவுக்கு வாயு உருவாகும். அந்த அழுத்தத்தை அந்த வகைப் பாட்டில் எளிதில் தாங்கும். சோடாவின் அளவை மட்டும் கூட்டாதீர்கள். அதே அளவுகளைத் திறந்த குவளையில் கலந்தால் 0.8 கிராம் போலக் குறையும், அது வெளியேறிய கார்பன் டைஆக்சைடு.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பை நீற்றுவதை நீங்களே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சிறு துண்டுகளாகச் செய்யுங்கள்; கண்ணில் தெறித்தால் பார்வையே பாதிக்கப்படும். மஞ்சள் வீழ்படிவுக்காக லெட் நைட்ரேட் வாங்க வேண்டாம், ஈயம் உடலில் தங்கும் நஞ்சு. மயில்துத்தக் கரைசலில் சலவை சோடாக் கரைசலை விட்டாலே நீலப்பச்சை வீழ்படிவு கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. போர்டோ கலவையை முதல் இரண்டு பாடவேளைகளில் வைத்துக்கொண்டு, வகைகளின் பெயர்களை அதற்குப் பிறகே எழுதிப்போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மிஞ்சும் மயில்துத்தக் கரைசலை என்ன செய்வது?

பதில் 1 எழுதியவர்

சாக்கடையிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம். செம்பு மீன்களுக்கு நஞ்சு. எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, ஆணியில் செம்பு படிவது நிற்கும் வரை சுண்ணாம்பு இட்டுத் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வண்டலை உலர்த்தி, பெயரெழுதிய டப்பாவில் மூடி வையுங்கள்.