எல்லைக்கோட்டில் நின்ற மருத்துவர்: கார்லோஸ் பிலார்தோ குறித்து ஒரு விவாதம்

பொதிகைச்சாரல்:

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் இரயில்வே தொழிலாளர் மரபில் வந்த சி.எஃப்.ஆர். க்ளூஜ் என்ற கால்பந்துக் கழகம் உள்ளது. 2012 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று வென்ற அணி என்றால் பலருக்கு நினைவு வரும். அக்கழகத்தின் மைதானத்துக்கு டாக்டர் கான்ஸ்டான்டின் ரெடுலெஸ்கு என்று பெயர். ஆட்டக்காரராகத் தொடங்கிப் பயிற்சியாளரான அவர் மருத்துவரும் ஆவார். 1972-73 பருவத்தில் அந்த அணியை நாட்டின் முதல் பிரிவில் ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுசென்றார். அவருடைய பெயரை மைதானத்துக்குச் சூட்டியவர்கள் ‘டாக்டர்’ என்ற சொல்லையும் சேர்த்தே சூட்டினார்கள் என்பது என் மனத்தில் தங்கிவிட்டது.

அதே மூன்று பாதைகளிலும் நடந்த இன்னொருவர் அர்ஜென்டினாவின் கார்லோஸ் பிலார்தோ. புவெனஸ் அய்ரெஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து மகளிர் நோய் மருத்துவராகப் பணியாற்றியவர். லா பிளாட்டா நகரின் எஸ்துதியாந்தெஸ் அணியில் நடுக்கள ஆட்டக்காரராக 1968, 1969, 1970 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபெர்தாதோரெஸ் கோப்பையை வென்றவர். 1986இல் பயிற்சியாளராக உலகக் கோப்பையைக் கொண்டுவந்தவர். இவ்வளவு இருந்தும் அவரை ‘டாக்டர்’ என்று அழைக்க என் நா எழவில்லை. 1993 பிப்ரவரியில் அவர் ஸ்பெயினின் செவிய்யா அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, லா கொருஞ்ஞாவில் நடந்த ஆட்டத்தில் செவிய்யாவுக்காக ஆடிய மரடோனாவும் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரும் மோதி விழுந்தார்கள். செவிய்யாவின் மசாஜ் உதவியாளர் ஓடிப்போய் எதிரணிக்காரரைக் கவனித்தார். அதைக் கண்ட பிலார்தோ சினந்து, அவனை மிதி, மிதி என்று கத்தியதையும், சிவப்புச் சட்டைக்காரர்கள்தாம் நம்மவர்கள் என்று சொன்னதையும் தொலைக்காட்சிக் கேமரா பதிவு செய்திருக்கிறது. விழுந்து கிடப்பவனைத் தொட்டுப் பார்த்த கையை ஒரு மருத்துவரே கடிந்துகொண்டார் என்பதுதான் என் வருத்தம். நானும் மருத்துவப் பணியில் இருப்பவன் என்பதால் இது எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

நடுக்களம்:

பொதிகைச்சாரல் அவர்களுக்கு வணக்கம். அந்தக் காணொளியை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் சில நொடிச் சீற்றத்தை வைத்துக்கொண்டு ஒருவருடைய மருத்துவப் பட்டத்தையே மறுப்பது எப்படி முறையாகும்? பிலார்தோ மருத்துவத்தையும் கால்பந்தையும் பல ஆண்டுகள் ஒருசேரச் சுமந்தவர். இரண்டுக்கும் முழு மனிதன் தேவை என்று உணர்ந்த பிறகு மருத்துவத்தை விட்டு விலகினார். லா கொருஞ்ஞா மைதானத்தில் அவர் நின்றது மருத்துவராக அன்று, பதினொரு பேரின் பொறுப்பை ஏற்ற பயிற்சியாளராக. தன் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அதே மோதலில் விழுந்து கிடக்கும்போது, அணி சம்பளம் கொடுக்கும் உதவியாளர் அடுத்த பக்கத்துக்குப் போனதே அவருடைய கோபத்துக்குக் காரணம்.

மருத்துவம் அவரிடம் எங்கே வெளிப்பட்டது என்று கேட்டால், அவர் அணியை ஆராய்ந்த முறையில் என்பேன். ஆட்டங்களின் ஒளிநாடாக்களை அவர் இரவு பகலாகப் பார்த்தது, நோயாளியின் பழைய குறிப்புகளைப் புரட்டும் மருத்துவரின் பழக்கம்தான். அகல விரிந்து ஆடும் முன்கள ஆட்டக்காரர்கள் அருகிவருகிறார்கள், இரண்டு முன்கள ஆட்டக்காரர்களை நிறுத்த நான்கு தற்காப்பாளர்கள் வேண்டியதில்லை என்று கண்டறிந்து, மூன்று தற்காப்பாளர், ஐந்து நடுக்களத்தார், இரண்டு முன்களத்தார் என்ற அமைப்புக்கு வந்தார். 1984 செப்டம்பரில் டுசெல்டார்ஃப் நகரில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்ற காலத்திலேயே அந்தச் சோதனை தொடங்கிவிட்டது, ஊர் நம்பவில்லை. 1986 ஜூன் 29 அன்று மெக்சிகோவின் அஸ்தேக்கா அரங்கில் அதே மேற்கு ஜெர்மனியை 3-2 என்று வென்று உலகக் கோப்பையைப் பெற்ற பிறகும் அவர் முகம் மலரவில்லை. ஜெர்மனியின் இரண்டு கோல்களும் கார்னர் உதைகளிலிருந்து வந்தன என்பதே அவரை உறுத்தியது. அறுவை வெற்றி என்று எல்லாரும் மகிழும்போது, தையல் ஒன்று சரியாக விழவில்லையே என்று கவலைப்படும் மனிதரை நான் அதில் காண்கிறேன்.

பொதிகைச்சாரல்:

நண்பரே, நுட்பமாக ஆராய்வது பொறியாளருக்கும் உண்டு, கணக்காளருக்கும் உண்டு. மருத்துவரை மருத்துவர் ஆக்குவது ஆராய்ச்சி மட்டுமன்று. முதலில் தீங்கு செய்யாதே என்ற கட்டுப்பாடு. அது மருத்துவமனைக் கதவோடு முடிவதில்லை. பேருந்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டா நாம் நாடி பார்க்கிறோம்? பணியை விட்டு விலகியவருக்கும் அந்தப் பயிற்சி கையில் இருக்கிறது.

மேலும், அந்தச் சீற்றத்தைத் தனித்த ஒன்றாக என்னால் பார்க்க இயலவில்லை. அவர் வளர்ந்த பள்ளி ஒஸ்வால்தோ சுபெல்தியா பயிற்றுவித்த எஸ்துதியாந்தெஸ். 1969இல் இத்தாலியின் ஏ.சி. மிலான் அணியோடு புவெனஸ் அய்ரெஸில் நடந்த ஆட்டத்தில் மிலான் ஆட்டக்காரர் நெஸ்தோர் கொம்பின் முகம் உடைந்து இரத்தம் வழிய நின்ற படம் உலகெங்கும் பரவியது. எதிரணியினரைக் குத்துவதற்காகப் பிலார்தோ ஊசி வைத்திருந்தார் என்ற பேச்சும் உண்டு. 1990 உலகக் கோப்பையில், பிலார்தோவின் அர்ஜென்டினாவோடு டூரினில் ஆடிய பிரேசில் ஆட்டக்காரர் பிராங்கோ, அர்ஜென்டினர் கொடுத்த தண்ணீரைக் குடித்த பின் தலைசுற்றியதாகச் சொன்னார்; அதில் மருந்து கலந்திருந்தது என்று பிற்காலத்தில் மரடோனாவே தொலைக்காட்சியில் பேசினார். மருந்தை அறிந்த ஒருவர் தலைமை தாங்கிய அணியைப் பற்றி இப்படி ஒரு குற்றச்சாட்டு எழுவதே எனக்குக் கொடுமையாக இருக்கிறது.

நடுக்களம்:

இங்கேதான் நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. மிலான் ஆட்டத்துக்குப் பிறகு சிறைக்கு அனுப்பப்பட்ட எஸ்துதியாந்தெஸ் ஆட்டக்காரர்கள் மூவர்: பொலெத்தி, அகிர்ரே சுவாரெஸ், மனேரா. அந்தப் பட்டியலில் பிலார்தோ இல்லை. ஊசிக் கதை இன்றுவரை கதையாகவே இருக்கிறது. அவர் அதை மறுத்திருக்கிறார். தண்ணீர்க் குப்பி விவகாரம் எந்த விசாரணையிலும் நிரூபிக்கப்படவில்லை. சோதனை முடிவு வராமலே நோயை உறுதி செய்யும் மருத்துவரை நீங்கள் ஏற்பீர்களா? பிறகு இவர் விஷயத்தில் மட்டும் வதந்தியை மருத்துவ அறிக்கையின் இடத்தில் எப்படி வைக்கிறீர்கள்?

மூன்றாம் விசில்:

இருவருடைய வாதத்தையும் படித்தேன். நீங்கள் இருவருமே அந்த அணியில் இருந்த இன்னொரு மருத்துவரை மறந்துவிட்டீர்கள். ரவுல் மதேரோ என்பவர் எஸ்துதியாந்தெஸ் அணியில் பிலார்தோவோடு ஆடிய தற்காப்பாளர். அவரும் மருத்துவம் படித்தவர். பிலார்தோ தேசிய அணியை ஏற்றபோது அதன் மருத்துவரானவர். பந்தயத்தில் வெல்ல வேண்டிய கடமையும் உடலைக் காக்க வேண்டிய கடமையும் ஒருவரிடமே இருந்தால் சிக்கல் வரும் என்பதால்தான் இரண்டு பேர் இரண்டு இருக்கைகளில் அமர்ந்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படிப் பிரித்த பிறகும் சிக்கல் தீரவில்லை. 1986 இறுதியாட்டத்தில் முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்ட ஹோசே லூயிஸ் பிரௌன், உலகக் கோப்பைக்கு முன் கழகமே இல்லாமல் இருந்தவர். பிலார்தோ அவரை நம்பி அழைத்துச் சென்றார். இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதியில் அவருடைய தோள்மூட்டு விலகியது. தன்னை வெளியே எடுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் மன்றாடிவிட்டு, தன் சட்டையைப் பல்லால் கடித்துத் துளையிட்டு, அதில் விரலை நுழைத்துக் கையைத் தொங்கவிட்டபடி ஆட்டம் முடியும் வரை ஓடினார். ஒரு மருத்துவர் பயிற்சியாளராகவும், இன்னொருவர் அணி மருத்துவராகவும் இருக்கையிலேயே இது நடந்தது. பொதிகைச்சாரல் அவர்களே, இதையும் நீங்கள் கண்டிப்பீர்களா?

பொதிகைச்சாரல்:

நியாயமான கேள்வி. முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஊசியையும் தண்ணீர்க் குப்பியையும் நான் இழுத்திருக்கக் கூடாது. நடுக்களம் அவர்கள் சொன்னது சரி. நிரூபணம் ஆகாததை நான் சான்றாக வைத்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிரௌனின் தோளைப் பொறுத்தவரை, வலியை அறிந்த முதிர்ந்த மனிதர் ஒருவர் தன் உடலைப் பற்றித் தானே எடுத்த முடிவு அது. விலகிய மூட்டோடு ஓடுவது நரம்பையும் இரத்தக் குழாயையும் சேதப்படுத்தக்கூடும் என்று மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் நோயாளி மறுத்தால் வலுக்கட்டாயமாகச் சிகிச்சை செய்ய நமக்கு உரிமை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத நாளில் அவருடைய மறுப்பு எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் அது அவருடைய மறுப்பு. லா கொருஞ்ஞாவில் விழுந்து கிடந்தவர் எதையும் மறுக்கவில்லை. அவருக்கு உதவி கிடைப்பதைத் தடுக்க முயன்றவர் வேறொருவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

நடுக்களம்:

உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சியாளராக நின்றார், மருத்துவராக அன்று என்ற என் பிரிப்பு, நான் எழுதியபோது வலுவாகத் தோன்றியது. பேருந்து உதாரணத்துக்கு முன் அது நிற்கவில்லை. அன்று அவர் செய்தது தவறு.

ஆயினும் ‘டாக்டர்’ என்ற பெயரை அவரிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கழகமற்ற பிரௌனை எல்லாரும் முடிந்துபோனவர் என்று ஒதுக்கியபோது, இவரிடம் இன்னும் ஆட்டம் இருக்கிறது என்று பிலார்தோ ஒருவர் பார்த்தார். பிரௌன் அர்ஜென்டினாவுக்காகப் போட்ட ஒரே கோல் அந்த இறுதியாட்டக் கோல்தான். பிறர் கைவிட்ட உடலில் உயிர்ப்பைக் காண்பதும் உங்கள் தொழிலில் சேர்ந்ததுதானே, ஐயா?

பொதிகைச்சாரல்:

சேர்ந்ததுதான். அந்தப் பார்வை அவருக்கு இருந்தது என்பதை ஏற்கிறேன். அது இருந்த கண்ணே ஏழாண்டுகள் கழித்து, எதிரணிச் சட்டை அணிந்து விழுந்து கிடந்தவனிடம் ஏன் அதைக் காணவில்லை என்பதைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.