காரைக்குடி பழம்பொருள் கடையில் கிடைத்த போர்க்கால பேட்ஜ்: அசலா? யாருடையது?

எனாமல்தட்டு:
வணக்கம். நான் மதுரைக்காரி. எனாமல் பாத்திரம் சேர்க்கிற பழக்கம் உண்டு, அதற்காகத்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போவேன். போன வாரம் ஒரு கடையில் பழைய பூட்டும் சாவியும் கொட்டி வைத்திருந்த தாம்பாளத்தைக் கிளறியபோது, அடியில் மூன்று சாமான் கிடைத்தது.

ஒன்று துணி பேட்ஜ். சிவப்புக் கேடயம், குறுக்கே கறுப்புப் பட்டை, நடுவில் வெள்ளை வாள். வாளின் முனை கீழே பார்க்கிறது. இன்னொன்று ஆர்.ஐ.ஏ.எஸ்.சி என்று வளைவாக எழுத்துகள் கோத்த பித்தளைத் துண்டு. பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது, ஓரத்தில் அரம் போட்ட கீறல் தெரிகிறது. மூன்றாவது ஒரு பதக்கம், ரிப்பன் இல்லை. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஓர் ஆள், குதிரைக் காலடியில் மண்டை ஓடு, 1914, 1918 என்ற வருடங்கள். நிறம் செம்பு மாதிரி. விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் ஓடுகின்றன.

கடைக்காரர் "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்மா" என்றார். வேண்டாம் என்று அப்படியே வாங்கி வந்துவிட்டேன். இவை அசல்தானா? முக்கியமாக, அந்தப் பெயருக்கு உரியவரின் குடும்பத்தைத் தேட வழி இருக்கிறதா? பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

வெலிங்டன்_பென்ஷன்:
புளி போடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம் அம்மா. விளிம்பு எழுத்து தேய்ந்துபோனால் அந்த மனிதரைக் கண்டுபிடிக்க இருக்கிற ஒரே பிடியும் போய்விடும். பிரசோவும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம்.

நீங்கள் சொல்வது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல். சண்டை போட்ட சிப்பாய்களுக்கு இதை வெள்ளியில் கொடுத்தார்கள். சுமார் 65 லட்சம் வெள்ளிப் பதக்கங்கள் போயின. வெண்கலத்தில் கொடுத்தது ஏறக்குறைய 1,10,000தான். அவை பெரும்பாலும் இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படைகளுக்கு. அதாவது பாதை வெட்டியவர்கள், கப்பலில் மூட்டை இறக்கியவர்கள். மெசபொடோமியாவுக்கும் பிரான்சுக்கும் இப்படி நம்மூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். உங்களிடம் இருப்பது நிஜமாகவே வெண்கலம் என்றால், அது துப்பாக்கி பிடிக்காத ஒருவருடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எனக்கு வெள்ளியைவிட இதன் மேல்தான் மரியாதை. இவர்களைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

நம் கிராமங்களில் பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ, இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஒரு பளிங்குப் பலகை பதித்திருப்பார்கள். பார்த்திருப்பீர்கள். அதில் எண்ணிக்கை இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது. உங்கள் கையில் பெயரே இருக்கிறது அம்மா.

விளிம்பில் உள்ளதை ஓர் எழுத்து, ஒரு புள்ளி விடாமல் எழுதி வையுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கெழுத்துதான் எந்தப் பிரிவு என்று சொல்லும்.

நூல்கண்டு:
துணி பேட்ஜ் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. அது பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது ராணுவத்தின் அடையாளம், இரண்டாம் உலகப் போர், பர்மா முனை. வாள் தலைகீழாக இருப்பது தையல் தவறு இல்லை. பர்மாவை ஜப்பானியரிடமிருந்து, வடக்கிலிருந்து தெற்கே இறங்கித்தான் மீட்க வேண்டியிருக்கும் என்பதால் ஸ்லிம் அப்படி வைத்தார்.

அசலா என்று பார்க்க இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள். ரூபாய் நோட்டு பார்க்க விற்கிற டார்ச்சே போதும். நூல் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பளிச்சிடும் ரசாயனம் நூலில் பரவலாக வந்தது போருக்குப் பிறகுதான். ஆனால் பழைய துணியை இப்போதைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும், அதையும் மனதில் வையுங்கள்.

பித்தளையைப் பற்றி ஒரு விஷயம். இணையத்தில் தேடினால், பின்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பு, வார்ப்பு என்றால் போலி என்றுதான் வரும். இங்கிலாந்தில் அச்சில் அடித்த பேட்ஜுக்கு அது சரி. இந்தியாவில் போர்க்காலத்தில் பஜார் கன்னான்களே மண் அச்சில் வார்த்து, அரம் போட்டு ராணுவத்தினருக்கு விற்றிருக்கிறார்கள். அதனால் அரக் கீறலை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்தின் மேல்முனைகள் உடுப்பில் உராய்ந்து மழுங்கியிருக்கின்றனவா, உள்மூலையில் பழைய பாலிஷ் பச்சையாகக் கட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த எழுத்துகள் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்ப்ஸ். லாரி, கோவேறு கழுதை, ரேஷன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 'ராயல்' பட்டம் 1935இல் வந்தது, ஆகவே அதற்கு முந்தையதாக இருக்காது.

தேவகோட்டை_மரச்சாமான்:
எங்கள் குடும்பத் தொழிலே இதுதான். வீடு இடிக்கும்போது சாமான் மொத்தமாக வரும், வந்த ஊர் கடைக்காரருக்கு ஞாபகம் இருக்கும். நாலு மாதம் போனால் மறந்துவிடுவார். இப்போதே போய்க் கேளுங்கள். அப்புறம், வெளிநாட்டிலிருந்து யாராவது அந்தப் பதக்கத்தைக் கேட்டால் அனுப்பிவிடாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது.

எனாமல்தட்டு:
எல்லோருக்கும் நன்றி. காந்தம் ஒட்டவில்லை, சுரண்டாமல் பார்த்தவரை வெண்கலம்தான். துணி ஒளிரவில்லை! கடைக்காரரிடம் பேசினேன். துணியும் பித்தளையும் ஒரே பெட்டியில் வந்தவையாம். பதக்கம் வேறு, திருமயம் பக்கம் ஒரு வீட்டுச் சாமானோடு வந்ததாம். பெயரை இங்கே பொதுவில் போட எனக்கு மனமில்லை. வெலிங்டன் ஐயாவுக்குத் தனிச்செய்தியில் விளிம்பின் படம் அனுப்பியிருக்கிறேன்.

வெலிங்டன்_பென்ஷன்:
படம் கிடைத்தது அம்மா. எண்ணும் பெயரும் தெளிவாக இருக்கின்றன, பிரிவின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மங்கல். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். அதற்குள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் நான் தேடுகிறேன், இலவசம்தான். ஆனால் போரில் இறந்தவர்கள்தான் அதில் இருப்பார்கள். அதில் பெயர் இல்லையென்றால் ஊர் திரும்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது திருமயம் பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரிப்பதுதான் வழி. அந்த வீடு எந்த ஊர் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.