ஆந்தூரியம் பூப்பதை நிறுத்திவிட்டது: வடக்கு ஜன்னலா, முற்றமா, கண்ணாடி ஓடா?

செங்கோட்டைத் தையல்காரி:

பங்குனியில் புனலூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் சிவப்பு ஆந்தூரியம் வாங்கினேன். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆரியங்காவு தாண்டிக் கொண்டுவந்த செடி. வைகாசி வரை பூத்தது. ஆனியில் சாரல் தொடங்கியதும் நின்றது. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது, மொட்டு என்று ஒன்றைக் கண்ணால் காணவில்லை.

செடிக்கு நோய் எதுவும் இல்லை. இலைகள் நல்ல கரும்பச்சை. காம்புகள் மட்டும் முழ நீளத்துக்கு வளர்ந்து, மொத்தச் செடியும் ஜன்னல் பக்கமே சாய்கிறது. தொட்டியைத் திருப்பி வைத்தால் சில நாளில் மறுபடியும் அதே பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இருப்பது என் தையல் அறையில், வடக்கு ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி, மெஷின் பக்கத்து ஸ்டூலில். அறையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற அறை அது. மொட்டை மாடியில் வை என்கிறாள் நாத்தனார். உரம் போடு என்கிறார் வீட்டுக்காரர். வீடியோக்களில் பேசுகிறவர்களோ வடக்கு ஜன்னல் ஆகவே ஆகாது, தெற்குதான் என்கிறார்கள். எங்கள் தெற்கு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். மேற்கே மலை, சாயங்கால வெயில் மற்ற ஊர்களுக்கு முன்பே எங்களைவிட்டுப் போய்விடும்.

பழைய ஓட்டு வீடு. நடுவில் சின்ன முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். சமையலறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. இவற்றில் எங்கே வைத்தால் பூக்கும்?

கல்பாத்தி மாமி:

உரத்தில் கை வைக்காதே அம்மா. வெளிச்சம் போதாத செடிக்கு உரம் போட்டால் இலைதான் இன்னும் பெருக்கும்.

மொட்டை மாடியும் வேண்டாம். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற இனம் இது. உள்ளே இருந்து பழகிய இலையை உச்சி வெயிலில் கொண்டு வைத்தால் ஒரே மத்தியானத்தில் வெளுத்துவிடும். அந்தத் திட்டு அப்புறம் பழுப்பாகிக் காயும், திரும்பப் பச்சையாகாது. நான் கிழக்குத் திண்ணையில் வைத்திருக்கிறேன். காலை இளவெயில் மட்டும்தான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையைக் கிழிக்கும் என்பதால் அப்போது தூண் மறைவுக்கு நகர்த்துவேன். உங்கள் ஊரில் காற்று ஆனி, ஆடியில்தானே?

இன்னொன்று. நாம் பூ என்று சொல்கிற சிவப்பு மடல் பச்சையாக மாறினால் பதறாதே. வயதானால் அப்படித்தான் ஆகும்.

குழித்துறை வலைகட்டி:

அக்கா, நான் நர்சரிகளுக்கு நிழல்வலை கட்டுகிறவன். குலசேகரம், தென்மலை, புனலூர் என்று மலையடிவாரம் முழுக்க ஏணியோடு அலைகிறேன். நீங்கள் வாங்கிய செடி எந்த வெளிச்சத்தில் வளர்ந்தது என்பதை அங்கிருந்தே சொல்லிவிடலாம்.

வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்போம். திறந்த வெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ஆந்தூரியக் கொட்டகைக்குப் பெரும்பாலும் 75 சதவீத வலை, அதாவது முக்கால் வெளிச்சத்தைத் தடுக்கிற வலை, போடுவோம். உள்ளே சுமார் 25,000 லக்ஸ் வரும். பூவுக்காக வளர்க்கிறவர்கள் விரும்புவது 15,000 முதல் 25,000 வரை. உங்கள் தையல் மேசையில் டியூப்லைட்டின் கீழே ஆயிரம் லக்ஸ் இருந்தாலே கண்ணுக்குத் தாராளம். ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளிய ஸ்டூலில் பகலில் சில நூறுதான் இருக்கும். கண் அதை இருட்டு என்று சொல்லாது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து சமாளித்துக்கொள்ளும். செடிக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் காம்பை நீட்டி ஜன்னலைத் தேடுகிறது. கரும்பச்சை இலையைப் பார்த்து ஆரோக்கியம் என்கிறீர்கள். கொட்டகைக்காரன் அதைப் பார்த்தால் வலையை மாற்றச் சொல்வான்.

இந்தச் செடியில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு பூவுக்கு இடம் உண்டு. கடைசியாக விரிந்த இலையின் காம்பு தண்டோடு சேரும் இடத்தில், அந்த உறையை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். குருணை அளவுக்கு ஒரு முனை தட்டுப்படலாம். வெளிச்சம் போதாவிட்டால் அது அங்கேயே நின்று கருகிப்போகும். ஆக, புது இலை வந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலை வந்து பூ வராவிட்டால் வெளிச்சம்தான் குறை.

அடுத்து ஜன்னல் சங்கதி. வடக்கு ஆகாது, தெற்குதான் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குச் சொன்னது. அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானத்தில்தான் உச்சிக்கு வரும். செங்கோட்டை 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் 13 வாக்கில், நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அது வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால்தான் உங்கள் வடக்கு ஜன்னலில் சித்திரை, வைகாசியில் காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக நுழைந்தது, செடியும் பூத்தது. ஆனி, ஆடியிலும் சூரியன் வடக்கேதான். ஆனால் உங்கள் ஊரில் அப்போது சாரல் மேகம். மேகம் விலகும்போது சூரியன் தெற்கே போய்விடுகிறது. குற்றால சீசனுக்கு ஊரே ஏங்கும். ஆந்தூரியத்துக்கு அது பஞ்சகாலம்.

ஆகவே முற்றம். இப்போது முதல் பங்குனி வரை முற்றத்தின் வடக்குத் தாழ்வாரத்தில், அதாவது தெற்கைப் பார்த்த பக்கத்தில், இறவாரத்தை ஒட்டி வையுங்கள். மார்கழியில் நண்பகல் சூரியன் 58 டிகிரி உயரத்தில் தெற்கே நிற்கும். தாழ்வாரத்துக்குள் நேராக இறங்கும். அந்த வெயிலை மட்டும் தடுக்க, ஒரு துண்டு 50 சதவீத வலையை இறவாரத்தில் தொங்கவிடுங்கள். கறுப்பு வலை வாங்குங்கள். பச்சை வலை பார்க்க அழகு, ஆனால் இலைக்குச் சிவப்பைவிடக் குறைவாகப் பயன்படுகிற பச்சை ஒளியைத்தான் கூடுதலாக உள்ளே விடும். சித்திரையில் தொட்டியை எதிர்த் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அளக்க என்ன செய்வது என்றால், பத்து மணிக்கு மேல் உள்ளங்கையை இலைக்கு ஒரு சாண் உயரத்தில் விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாகத் தனித்தனியே விழுந்தால் வெயில் கடுமை. ஓரம் மங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் சரியான இடம். நிழலே விழாவிட்டால் இப்போது உங்கள் ஸ்டூல் இருக்கிற நிலைமை.

நேரே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் ஜன்னல் விளிம்பு, பிறகு தாழ்வாரத்தின் உட்புறம், பிறகு இறவாரம்.

நகரித் தறிக்காரன்:

வலைகட்டி அண்ணன் சொன்ன தேதி ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆந்திர எல்லையில், 13 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. எங்களுக்குச் சூரியன் வடக்கே தாண்டுவது ஏப்ரல் 25 வாக்கில். ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பிவிடும்.

கை நிழலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. போனில் லக்ஸ் காட்டும் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது, அதை இலை மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். மேலும், எங்கள் பக்கத்துக் கோடையில் இலை ஓரம் பழுப்பானால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். பாதி நேரம் அது வறண்ட காற்றின் வேலை. வெயில் சுட்டால் இலை நடுவில், சூரியனைப் பார்த்த இடத்தில், திட்டு விழும். காற்று வறண்டால் நுனியும் ஓரமும் கருகும். இதைப் பிரித்துப் பார்க்காமல் செடியை இருட்டுக்குள் தள்ளிவிட்டு, பூக்கவில்லை என்று அடுத்த வருடம் புலம்புவார்கள்.

செங்கோட்டைத் தையல்காரி:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி தடவிப் பார்த்தேன். கடைசி இலையின் அடியில் ஒரு முனை இருக்கிறது. அதற்கு முந்தைய இலையின் அடியில் கறுத்துக் காய்ந்த துணுக்கு ஒன்று. வடக்குத் தாழ்வாரத்துக்குப் படிப்படியாக நகர்த்தத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். கண்ணாடி ஓட்டின் கீழே வைக்கலாமா? அடுத்த ஆனியில் சாரல் முற்றத்துக்குள் அடிக்கும்போது செடியைத் தையல் அறைக்கே கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது ஊதா நிறத்தில் எரிகிற செடி விளக்கு வாங்க வேண்டுமா?

குழித்துறை வலைகட்டி:

கண்ணாடி ஓட்டின் வெயில் ஓர் ஓடு அகலத்துக்குத்தான் விழும், நகர்ந்துகொண்டே இருக்கும். செடிக்குக் கொஞ்ச நேரம் முழுச் சூடு, மிச்ச நேரம் இருட்டு. நீங்கள் துணிக்காரர்தானே, வெள்ளை மல் துணியை ஓட்டுக்கு ஒரு முழம் கீழே இழுத்துக் கட்டிப் பாருங்கள். வெயில் சிதறிப் பரவலாக இறங்கும். ஓட்டின் மேலே படிந்த பாசியை வருடம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். இருந்தாலும் அடுப்பு எரிகிற சமையலறையைவிட முற்றம் மேல்.

ஊதா விளக்கு தேவையில்லை, அதன் கீழே நீங்கள் துணியின் நிறம் பார்க்க முடியாது. வெள்ளை எல்இடியிலேயே செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கிறது. 20 வாட் எல்இடி டியூப் ஒன்றை இலைக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். நாளுக்குக் கால் யூனிட் ஆகும். கூரையில் மாட்டினால் உங்களுக்குத்தான் வெளிச்சம், தூரம் கூடக் கூட இலைக்கு வந்துசேர்வது மளமளவென்று குறைந்துவிடும். கொட்டகை அளவுக்குப் பூக்காது, ஆனால் முனை கருகாமல் சாரல் மாதங்களைத் தாண்டிவிடும். பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி இல்லை இது, எனவே கடிகாரம் வைத்து அணைக்க வேண்டாம். நீங்கள் மெஷினை மூடும்போது அதையும் அணைத்துவிடுங்கள்.

நகரித் தம்பி சொன்ன ஆப் நல்லதுதான். ஒரு போன் காட்டும் எண்ணை இன்னொரு போன் காட்டாது. ஸ்டூலையும் தாழ்வாரத்தையும் ஒரே போனில் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வலை வாங்கும்போது கடைக்காரர் 50 என்று சொன்னதை நம்பாமல், கடை வாசலில் வெயிலில் பிடித்து, கீழே விழும் நிழலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் அக்கா.