பாப்பாவுக்கு ஜவ்வரிசி மாதிரி பரு, அம்மையா பாலுண்ணியா?

திருமங்கலம் அம்மா:
மகளுக்கு 5 வயது. அக்குளில் ரெண்டு பரு வந்தப்போ வேர்க்குரு என்று விட்டுவிட்டேன், ஒரு மாதத்தில் முழங்கை மடிப்பு, விலா என்று 14 ஆகிவிட்டது. வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளப்பு, நடுவில் ஊசியால் அமுக்கினாற்போல் சின்னக் குழி. காய்ச்சல் இல்லை, ஆட்டம் போடுகிறாள். அப்பத்தா அம்மைதான் என்று நிலையில் வேப்பிலை செருகி, குளிப்பாட்டவும் கூடாது, அடுப்பில் தாளிக்கவும் கூடாது என்கிறார். பள்ளியிலும் சரியானதும் கூட்டி வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய?

செல்லூர்க்காரன்:
போன வருடம் என் பையனுக்கும் இதேதான். மொலஸ்கம் என்றார் தோல் டாக்டர், நம்ம ஊரில் பாலுண்ணி என்பது. சின்னம்மை என்றால் காய்ச்சலோடு நீர்க்கொப்புளம் வந்து பத்து நாளில் பொருக்குத் தட்டிவிடும், இது மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால் இந்த வைரஸ்தான் பெரியம்மைக்குச் சொந்தம், சின்னம்மை வேறு குடும்பம்! ஆனால் அந்த ஆபத்தெல்லாம் இதில் கிடையாது. தாராளமாகக் குளிப்பாட்டுங்கள், துண்டு மட்டும் தனி. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், என் பையன் சொறிந்த கோட்டிலேயே வரிசையாக ஆறு முளைத்தது.

மேலூர் அக்கா:
கோயிலில் உப்பும் மிளகும் போடுங்க, எங்க வீட்டில் எட்டு மாதத்தில் உதிர்ந்தது.

அழகர்கோவில் ரோடு:
அக்கா, போடுங்க, தப்பில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் தானாகவே போய்விடும், பேர் சாமிக்கு. ஆனால் சுண்ணாம்பு வைப்பது, முடியால் கட்டுவது மட்டும் வேண்டாம், என் தங்கை மகளுக்குச் சுண்ணாம்பு வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கிள்ளவும் கூடாது, உள்ளே தயிர்த்துளி மாதிரி வருகிறதே, அதில்தான் வைரஸ். உதிரப்போகும் நேரத்தில் சில பரு சிவந்து வீங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சீழ், காய்ச்சல் வந்தாலோ இமையில் முளைத்தாலோ உடனே டாக்டர். பள்ளியை நிறுத்தத் தேவையே இல்லை, சட்டை மூடினால் போதும், டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள்.

திருமங்கலம் அம்மா:
காட்டிவிட்டோம், பாலுண்ணியேதான். ஒன்றும் பூச வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாங்க என்றார். சீட்டைக் காட்டியதும் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அப்பத்தாவும் குளிக்க விட்டார், தாளிக்க மட்டும் இன்னும் விடவில்லை.