பெசலுக்கு ‘முகப்பூண்’ பொருந்துமா?

பெசல் (bezel) என்பது வண்டி மீட்டரின் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் உலோகப் பட்டை. நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் ‘முகப்பூண்’ போடலாம் என்கிறேன்; வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

> மீட்டர் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் உலோகம்தானே, ‘விளிம்பு’ என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் ஃபிளாஞ்ச் (flange, குழாய் போன்றவற்றின் ஓரத்தில் துருத்தி நிற்கும் தட்டு) என்பதற்குப் பலர் ஏற்கெனவே விளிம்பு என்று எழுதிவருகிறார்கள். அதோடு விளிம்பு என்றால் ஒரு பொருளின் ஓரம், அதைத் தனியாகக் கழற்றி மேசையில் வைக்க முடியாது. பெசலைக் கழற்றி வைக்கலாம். எண்ணூரில் 1950களில் பூட்டிய லேலண்ட் காமெட் மாதிரி ஒரு பழைய லாரியைப் புதுப்பிக்கிறவர் மீட்டரைத் திறக்கும்போது முதலில் கை வைப்பதே அதில்தான்.

> அப்படியானால் ‘வளையம்’?

மீட்டருக்குள்ளேயே கண்ணாடிக்கு அடியில் ரப்பர் வளையம், முகத்தட்டுக்கும் (எண்கள் எழுதிய தட்டு) கண்ணாடிக்கும் நடுவே இடைவளையம் என்று இரண்டு இருக்கின்றன. வேலைக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் ‘வளையத்தில் வளையத்தை வைத்து அதன்மேல் வளையத்தை’ என்று போகும், படிக்கிறவர் ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிடுவார்.

நான் சொல்வது பூண். உலக்கை முனையிலும் உளிப்பிடியிலும் போடுவது. சுற்றி வந்து இறுகப் பிடித்து, உள்ளே இருப்பதைக் கலையவிடாமல் வைப்பது அதன் வேலை, பெசல் செய்வதும் அதே வேலைதான். பழைய மீட்டர் பலவற்றில் கண்ணாடியைப் பிடிக்க ஒரு திருகுகூட இருக்காது, பெசலின் பின்மடிப்பு ஒன்றுதான் கண்ணாடி, ரப்பர், இடைவளையம், முகத்தட்டு, கூடு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது.

திரும்பப் பூட்டும்போது இது நன்றாகத் தெரியும். பெசலைக் குப்புற வைத்து, கண்ணாடி, ரப்பர், இடைவளையம் என்று வரிசையாக அடுக்கி, முள்ளில் விரல் படாமல் கூட்டை இறக்கி, பிறகுதான் மடிப்பைத் திரும்ப அமுக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும், அதனால் வீல் நட்டு முடுக்குவதுபோல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. திறக்கும்போதும் மொண்ணையான முனையால் பல சுற்றில் மெதுவாக நிமிர்த்தியிருந்தால்தான் இது நடக்கும். ஒரே இடத்தில் நெம்பினால் தகடு விரியும், அந்த வழியாக ஈரம் ஏறி முகத்தட்டு எழுத்து போய்விடும். எழுத்துப் போன முகத்தட்டைக் காப்பாற்றுவதைவிட வேறு மீட்டர் தேடுவது எளிது.

> ஃபெரூலுக்கும் (ferrule, பிடி, குழாய் முனையில் போடும் உலோக வளையம்) பூண் என்றுதானே சொல்கிறோம்?

ஆமாம், அதனால்தான் தனிப் பூண் வேண்டாம், ‘முகப்பூண்’ என்கிறேன். மீட்டரின் முகத்தைப் பிடிக்கும் பூண். வாட்சுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும்கூட ஒத்துவரும். நகை வேலையில் கல்லைச் சுற்றிப் பிடிக்கும் பெசலை இதற்குள் இழுக்க வேண்டாம், தட்டார்களிடம் அதற்கு அவர்கள் சொல்லே இருக்கும், கேட்டுத் தனியாகப் போடலாம்.

ஒன்று சேர்க்கவேண்டும். ஸ்மித்ஸ் போன்ற பிரிட்டிஷ் மீட்டர்கள் பலவற்றில் பெசலை மடக்குவதே இல்லை. அதன் உள்ளே சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும், கூட்டின் ஓரத்தில் அதற்கேற்ற வெட்டுகள், நாக்கும் வெட்டும் நேர்வரும்வரை திருப்பினால் கையோடு வந்துவிடும் (அறுபது வருஷ ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் அவ்வளவு சுலபமாக வராது, அது வேறு கதை). ஆகவே ‘மடக்கு முகப்பூண்’, ‘திருப்பு முகப்பூண்’ என்று இரண்டு உள்பதிவு. தகட்டின் ஓரத்தை மடித்து அமுக்குவதைச் சொல்லும் கிரிம்ப் (crimp) என்ற வினைக்கு ‘மடக்கு’ போதும், தகர வேலை செய்பவர்கள் சொல்வதே அதுதான், புதிதாக எதுவும் கட்ட வேண்டாம்.

> இப்போதைய கார்களில் டிஸ்ப்ளேயைச் சுற்றி வரும் பிளாஸ்டிக்கும் பெசல்தானே?

அதற்கு ‘சட்டம்’ போடுங்கள். அது வெறும் ஓரம் மறைக்கிற பிளாஸ்டிக், பெரும்பாலும் எதையும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்கத் தேவையில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் முகப்பூணைப் பட்டியலில் ஏற்றிவிட்டு டீசல் டாங்கியின் சென்டர் யூனிட்டுக்குப் (sender unit, டீசல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம்) போகலாம், ‘உணரி’யா ‘மிதவை’யா என்று அங்கே இன்னும் பெரிய சண்டை காத்திருக்கிறது.